தாங்கியில் வந்த தைல மணம்

இருமலுக்குக் காரணம் நான் போடுகிற சோப்புத்தான் என்று என் மனுசன் சொன்னபோது நானும் அதை நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? அவர் வாயில் வைத்து இழுக்கிற அந்தச் சாமானை எங்கள் வீட்டில் கழற்றுவதும் கழுவுவதும் திரும்பப் பூட்டுவதும் நான் ஒருத்திதான். அதற்குள் ஏதாவது பிழையாகப் போயிருந்தால் அது என் கையால்தான் போயிருக்க வேண்டும்.

அவர் சிகரெட் பிடிக்கத் தொடங்கியது எங்கள் கலியாணத்துக்கு முன்னம். ஊரிலும் பிடித்தார், இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து தொழிற்சாலையில் நின்ற காலத்திலும் பிடித்தார், பென்ஷன் எடுத்த பிறகு பல்கனியில் கதிரை போட்டு இருந்து பிடித்தார். போன குளிருக்கு முந்தின குளிரில் நெஞ்சு டொக்டர் படம் எடுத்துக் காட்டி, இனியும் பிடித்தால் மூக்கில் குழாயும் பக்கத்தில் ஒட்சிசன் சிலிண்டரும்தான் என்று சொல்லிவிட்டார். மகள் காருக்குள் இருந்து அழுதாள். அவர் அழவில்லை. வீட்டுக்கு வந்து பல்கனிக் கதவைத் திறந்தார், பிறகு மூடினார். திரும்பவும் திறந்தார்.

தோலில் ஒட்டுகிற நிக்கொட்டீன் பிளாஸ்ரர் கொடுத்தார்கள். கடிக்குது என்று பிய்த்து எறிந்தார். சப்புகிற கம் கொடுத்தார்கள். அது அவருடைய கட்டுப்பல்லில் ஒட்டிக்கொண்டு பல்லோடு சேர்ந்து வெளியே வந்தது. கடைசியில்தான் மகள் வேப் என்கிற இந்த மின்சிகரெட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். டொக்டர் அதையும் நல்லதென்று சொல்லவில்லை. சிகரெட்டை விடுகிற மட்டும் வைத்திருக்கட்டும், பிறகு இதையும் குறைக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

சலரோகத்தால், அந்தச் சீனி வருத்தத்தால், அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. அந்தச் சாமானுக்குள் மெல்லிய ரப்பர் வளையங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றை முதல் கிழமையே சிங்குக்குள் விழுத்தி, தண்ணீரோடு போகவிட்டு, அதைச் செய்தவனுடைய பரம்பரையையே திட்டினார். மகளுக்கு அதைத் தொடவே அருவருப்பு. அப்படித்தான் அந்த வேலை என்னிடம் வந்தது. அவருடைய கட்டுப்பல்லையும் நான்தான் கழுவுகிறேன். இது ஒன்று கூடினால் என்ன என்று நினைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அந்தப் பெட்டியோடு வந்த தாளில் இருந்த இங்கிலீசை நான் வாசிக்கவில்லை, படங்களைத்தான் பார்த்தேன். வியாழக்கிழமை பின்னேரங்களில் வெள்ளிக்காகச் சாமி விளக்கை மினுக்குகிற நேரத்தில்தான் இதையும் கழுவுவேன். ஆனால் சிங்கின் மற்றப் பக்கத்தில். விளக்குக்கு வைத்திருக்கிற கிண்ணமும் இதற்கு வைத்திருக்கிற தயிர்ப்பேணியும் ஒருநாளும் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. எச்சில் சாமான் எச்சில் சாமான்தான்.

முதலில் வாய் வைக்கிற துண்டைக் கழற்ற வேண்டும். பிறகு ஜூஸ், அதாவது ஆவியாக்கி இழுக்கிற நிக்கொட்டீன் தண்ணி, நிற்கிற தாங்கி. அது ஒளி ஊடுருவுகிற பிளாஸ்ரிக்கால் செய்த சின்னக் குழாய். மிச்சம் நிற்கிற ஜூஸை ஊற்றிவிட்டு, கை பொறுக்கிற நகச்சூட்டுத் தண்ணீரில் அலசி, மகள் கொண்டுவந்து தருகிற இலவசத் தமிழ்ப் பத்திரிகையைக் கீழே விரித்து, ஹீற்றர் காற்று வருகிற இடத்தில் காயவைப்பேன். அடியில் பட்டரியோடு முட்டுகிற இடத்தைக் காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். நடுவில் இருப்பதுதான் கொயில். சின்னிவிரல் நுனியளவு உருளைக்குள் ஒரு கம்பிச் சுருளும், அதைச் சுற்றிப் பஞ்சும். பஞ்சு ஜூஸைக் குடித்துக் கொடுக்கும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். விளக்குத் திரி எண்ணெயைக் குடிப்பது மாதிரித்தான். ஆனால் திரி கருகினால் நுனியைத் தட்டிவிட்டு எரிக்கலாம். இது கருகினால் எறிய வேண்டியதுதான். ஒருமுறை மனம் வராமல் அதைக் கழுவிக் காயவைத்துப் பூட்டிவிட்டேன். உள்ளே நின்ற தண்ணீர் கொதித்து அவர் வாய்க்குள் தெறித்தது. புதுக் கொயில் போட்டால் பஞ்சில் சில சொட்டு ஜூஸ் விட்டு, ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் பொறுக்க வேண்டும். காய்ந்த பஞ்சோடு இழுத்தால் கருகல் புகை நெஞ்சில் அடிக்கும்.

"இன்னும் முடியேல்லையோ?" என்று அவர் பின்னால் வந்து நிற்பார்.

"பஞ்சு ஊறட்டும்."

"பஞ்சு ஊறுமட்டும் நான் என்னத்தை ஊறுறது?"

அப்படி அவசரப்பட்டாலும், அவர் சிகரெட்டைத் தொடவில்லை. முதல் மாதங்களில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அவர் வெளியே போய் வந்து ஜக்கெற்றைக் கழற்றினால், அதைக் கொழுவுகிற சாட்டில் கொலரை மணந்து பார்ப்பேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். ஒருநாள் கதிரையில் இருந்தபடி, "என்ன, பொலிஸ் நாய்க்கு ஏதும் பிடிபட்டுதோ?" என்று கேட்டார். நான் வெட்கப்பட்டு அறைக்குள் போய்விட்டேன். ஆனால் மணப்பதை விடவில்லை.

இந்த வருடம் பனி கரைகிற நாட்களில் அவருக்குத் தடிமன் வந்தது. நான் வழமைபோலச் சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, அதில் யூக்கலிப்ரஸ் எண்ணெய் சில சொட்டு விட்டு, அவர் தலைக்கு மேலால் போர்வை போட்டு மூடி ஆவி பிடிக்க வைத்தேன். எங்கள் வீடுகளில் தடிமனுக்கு வேறென்ன செய்வோம். போர்வைக்குள் இருந்து வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்து, "நெஞ்சு திறந்திட்டுது" என்றார். தடிமன் போய்விட்டது. ஆனால் இருமல் போகவில்லை.

வரவர மூச்சும் வாங்கியது. லிப்ற்றிலிருந்து இறங்கி எங்கள் வாசல் வரை நடக்க முடியாமல் நடைபாதை நடுவில் நின்றுவிடுவார். அங்கே சுவரில் ஒட்டியிருக்கிற கட்டட அறிவித்தலை வாசிப்பது போல நிற்பார். அந்த அறிவித்தல் மாதக்கணக்காக மாறாதது. நானும் பக்கத்தில் நின்று, எனக்கு வாசிக்கத் தெரியாத அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மகள் வேறு வீட்டில், ரூஜ் என்ற இடத்தில் இருக்கிறாள். ஞாயிறு வந்து அவர் இருமுவதைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அப்பா, உந்தச் சாமான்தான் காரணம். தாங்கோ, நான் குப்பையிலை போடுறன்."

"உதாலை இல்லைப் பிள்ளை," என்றார் அவர். "கொம்மா பாத்திரம் கழுவுற சோப்பாலை அதைக் கழுவுறா. அந்தச் சோப்பு உள்ளுக்கை நிண்டு எனக்கு நெஞ்சை அரிக்குது. நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

ஒரு தரமும் சொல்லவில்லை. ஆனால் நான் முதல் தண்ணீரில் ஒரு துளி சோப்பு விடுவது உண்மைதான். மகள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, ஏனம்மா சோப்பு? லங்ஸுக்குப் போற சாமானல்லோ?"

அன்றிலிருந்து சோப்பை நிறுத்தினேன். வெறும் தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசினேன். தாங்கியை வெளிச்சத்தில் பிடித்து, நுரை ஏதும் நிற்குதோ என்று கண் நோகப் பார்த்தேன். அவர் இருமுகிற ஒவ்வொரு முறையும் என் கைகளைப் பார்த்துக்கொண்டேன். இருமல் குறையவில்லை. மகள் நெஞ்சு டொக்டரிடம் நாள் எடுத்தாள், எக்ஸ்றேயும் எடுப்பித்தாள். "டொக்டர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், அண்டைக்கே உதைப் பறிச்சுப்போடுவன்," என்று தகப்பனிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

டொக்டரிடம் போக ஒரு கிழமை இருக்கையில் தாங்கி ஒழுகத் தொடங்கியது. அவருடைய சட்டைப்பை நனைந்திருந்தது. கழற்றி ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தேன். பிளாஸ்ரிக் முழுவதும் மயிர் போல மெல்லிய வெடிப்புகள், சிலந்தி வலை விரிந்தது போல. கண்ணாடி போல இருந்தது கஞ்சித்தண்ணீர் நிறமாகியிருந்தது. கொதிதண்ணீர் பட்டால் அப்படி ஆகலாம். ஆனால் நான் கொதிதண்ணீர் விடவில்லை. விட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒருவர் உன்னால்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், செய்யாததும் செய்ததாகத்தான் ஞாபகம் வருகிறது.

காலையிலிருந்து அவருக்கு இழுக்க ஒன்றும் இல்லை. ரீவியைப் போட்டார், நிற்பாட்டினார். மத்தியானம் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிட்டார். பிறகு ஜக்கெற்றைப் போட்டார்.

"எங்கை போறியள்?"

"சும்மா காஸ் ஸ்ரேஷன் மட்டும்."

எங்கள் கட்டடத்துக்கு எதிரே றோட்டைக் கடந்தால் காஸ் ஸ்ரேஷன், பெற்றோல் அடிக்கிற இடமும் அதோடு ஒரு சின்னக் கடையும். எங்களிடம் கார் இல்லை. அங்கே எங்களுக்குத் தேவையான சாமான் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். வேப் விற்கிற கடைக்கு மோர்னிங்சைட் றோட்டில் பஸ் எடுத்துப் போக வேண்டும். பஸ் தரிப்புக்கு ஏற்றத்தில் நடக்க அவருக்கு மூச்சு இல்லை.

"இருங்கோ," என்றேன். "நான் போய் புதுசு வாங்கிக்கொண்டு வாறன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீரோ? கோயிலிலை அர்ச்சனைக்குப் பேர் சொல்லவே வாய் திறக்க மாட்டீர்."

"நீங்கள் ஜக்கெற்றைக் கழற்றிப்போட்டு இருங்கோ."

வெடித்த தாங்கியை ரிஷ்யுக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கடையின் கண்ணாடி முழுக்கக் கறுப்புத்தாள் ஒட்டி உள்ளே தெரியாமல் இருந்தது. நான் வெளியே நின்றேன். தெரிந்த ஆட்கள் யாராவது கண்டால் என்ன நினைப்பார்கள்? ஒரு பஸ் வந்து போனது. பக்கத்துக் கடையிலிருந்து மரக்கறிப் பையோடு ஒரு தமிழ் அம்மா வந்தார். அவருடைய முகத்தைப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உள்ளே ஒரு பெட்டைதான் நின்றாள். தலைமயிரில் பாதி பச்சை, கழுத்தில் பூப்போலப் பச்சை குத்தியிருந்தாள். நான் பஸ்ஸில் வைத்து அடுக்கிக்கொண்டு வந்த இங்கிலீசுச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்க, அவள் என் பொட்டைப் பார்த்துவிட்டு, "அன்ரி, தமிழ்தானே? நான் வயசு பாக்க ஐடி கேக்கவேணும், ஆனா உங்களிட்டைக் கேட்டா எனக்குத்தான் வெட்கம்," என்று சிரித்தாள்.

"எனக்கில்லைப் பிள்ளை. மனுசனுக்கு."

"எல்லா அன்ரிமாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. ஜோக் பண்ணினனான், அன்ரி. என்ன வேணும்?"

ரிஷ்யுவைப் பிரித்து மேசையில் வைத்தேன். அவள் எடுத்து லைற்றுக்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு மூக்கில் வைத்தாள். அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"அன்ரி, இதுக்குள்ளை என்ன விட்டனீங்கள்?"

"இஞ்சை வாங்கின ஜூஸ்தான்."

"இல்லை. இதுக்குள்ளை ஏதோ எண்ணெய் போயிருக்கு. தடிமனுக்கு என்ர அம்மா ஒண்டு பூசுவா, அந்த ஸ்மெல். அது பிளாஸ்ரிக்கைத் தின்னும், அதுதான் இப்பிடிக் கிறாக். மணந்து பாருங்கோ."

மணந்து பார்த்தேன். உடனே தெரிந்துவிட்டது, யூக்கலிப்ரஸ். எத்தனை நாளாக அது என் மூக்கடியில் இருந்திருக்கிறது. நோவுக்கு அதைப் பூசுகிற என் முழங்காலில் அந்த மணம், அவருடைய தலையணையில் அந்த மணம், எங்கள் துவாயில், மூக்குத் துடைக்கிற லேஞ்சியில், வீடு முழுக்க அந்த மணம். கொலரில் சிகரெட்டைத் தேடிப்பிடிக்கிற மூக்குக்கு அது ஒரு மணமாகவே படவில்லை. என் வீட்டு மணத்திலிருந்து தள்ளி வந்து ஒரு கடையில் நின்றபோதுதான் பிடிபட்டது.

"பிளாஸ்ரிக்கையே இப்பிடிச் செய்தால் லங்ஸை என்ன செய்யும்?" என்றாள் அவள். "நான் டொக்டர் இல்லை, அன்ரி. ஆனா எண்ணெயை இழுக்கவே கூடாது. உள்ளுக்கை போனா லேசிலை வெளியிலை வராதாம். சீரியஸாச் சொல்லுறன். இண்டைக்கே டொக்டரிட்டைச் சொல்லுங்கோ."

கண்ணாடித் தாங்கி ஒன்றும் புதுக் கொயிலும் தந்தாள். கதவு வரைக்கும் வந்து, "கட்டாயம் சொல்லுங்கோ," என்று திரும்பவும் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நான் விடவில்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்.

கதவைத் திறந்ததும் அவர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நான் செருப்பைக் கழற்றாமல் நேரே அறைக்குள் போய், ஜன்னல் விளிம்பில் இருந்த பச்சை யூக்கலிப்ரஸ் போத்தலை எடுத்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் நின்றது. என் முழங்கால் அவ்வளவு குடிக்கவில்லை.

"இஞ்சேருங்கோ. தாங்கிக்குள்ளை இதை விட்டனீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"கடைப்பிள்ளை மணந்து சொன்னவள்."

"கடைப்பிள்ளைக்கு வேறை வேலையில்லை." கதிரையில் போய் இருந்தார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு அவரே சொன்னார். "ஒரு சொட்டு. நிரப்பேக்கை ஒரே ஒரு சொட்டு. நீர்தானே போர்வையாலை மூடி எனக்கு ஆவி பிடிப்பிச்சனீர்? அதுக்கு விட்ட எண்ணெய்தானே? அதுவும் ஆவி, இதுவும் ஆவி. சட்டியைத் தூக்கிக்கொண்டு திரியாமல் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கிறன். என்ன பிழை?"

அவர் சொன்னது ஒழுங்காகத்தான் பட்டது. சட்டி ஆவியில் அந்த எண்ணெய் நல்லதென்று நான்தான் அவரை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் வெடித்த பிளாஸ்ரிக் கைப்பைக்குள் இருந்தது.

"அப்ப சோப்பு எண்டு ஏன் சொன்னீங்கள்?"

அவர் ரீவியைப் பார்த்தார். ரீவி நின்றிருந்தது.

"உம்மை ஆர் என்ன செய்யப் போகினம்? என்னிலை பிழை எண்டால் பிள்ளை உதைப் பறிச்சுப்போடும்."

நான் சமையலறைக்குப் போனேன். கண்ணாடித் தாங்கியைக் கழுவித் துடைத்து, புதுக் கொயிலின் பஞ்சில் ஜூஸ் சொட்டு விட்டு ஊறவைத்தேன். வளையம் இரண்டு தரம் நழுவியது. அவர் வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளைக்குச் சொல்லாதையும். டொக்டருக்கும் சொல்லத் தேவையில்லை. இனி விடமாட்டன். சொன்னீரெண்டால் அவள் உதைக் குப்பையிலை போடுவாள். போட்டாளெண்டால் நான் றோட்டைக் கடந்துபோய் ஒரு பெட்டி வாங்குவன். பிறகு உம்மடை பாடு."

அவர் மிரட்டுகிற ஆள் இல்லை. செய்வதைத்தான் சொல்லுவார். அதனால்தான் பயம்.

அந்தக் கிழமை எப்படிப் போனதென்று சொல்ல முடியாது. பச்சைப் போத்தலை என் கைப்பைக்குள் ஒளித்தேன். ஒவ்வொரு காலையும் அவர் குளிக்கப் போகையில் தாங்கியைத் திறந்து மணந்தேன். அவர் சொல்லுத் தவறவில்லை, எண்ணெய் மணம் இல்லை. ஆனால் இருமல் அப்படியே இருந்தது. முந்தி உள்ளே போனது என்ன செய்துகொண்டிருக்கிறது? சொன்னால் சிகரெட். சொல்லாவிட்டால் எண்ணெய். தோசைக்கு உளுந்து அரைக்கும்போதும் அதுதான், சாமிக்கு விளக்குக் கொளுத்தும்போதும் அதுதான். மகள் போன் எடுத்தால், "சாப்பிட்டியளோ" என்பதற்கு மேல் என் வாயில் சொல் வரவில்லை.

டொக்டருடைய அறையில் நான் எப்பவும் கதவோரம் கோட்டுகள் கொழுவுகிற இடத்துக்குக் கிட்ட இருப்பேன். கதைப்பது மகள். அவர் ஆம் இல்லை சொல்லுவார். நான் எல்லாருடைய கோட்டையும் மடியில் வைத்திருப்பேன்.

டொக்டர் திரையில் படத்தைக் காட்டினார். இரண்டு சுவாசப்பையின் அடியிலும் வெள்ளையாக மூட்டம் போட்டிருந்தது. முந்தின படத்தில் அது இல்லை. அவர் கேட்கக் கேட்க மகள் தமிழில் சொன்னாள். காய்ச்சல் வந்ததோ? வீட்டில் பறவை வளர்க்கிறீர்களோ? சுவரில் பூஞ்சணம் இருக்கோ?

"அப்பா, புதுசா ஏதாவது சுவாசிச்சனீங்களோ எண்டு கேக்கிறார். வேப்புக்குள்ளை வேறை ஏதும் போடுறனீங்களோவாம்."

"ஒண்டும் இல்லை. கொம்மா மிளகாய் வறுக்கிற புகை எண்டு சொல்லு."

மகள் சொன்னாள். டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஏதோ நீளமாகச் சொன்னார். மகள் ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"காரணம் தெரியேல்லையாம். வாய்க்குள்ளாலை லங்ஸ் வரைக்கும் குழாய் விட்டு ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கவேணுமாம். அப்பான்ரை வயசுக்கும் மூச்சுக்கும் அதிலை கொஞ்சம் றிஸ்க் இருக்காம்."

அவர் கதிரைக் கையைப் பிடித்திருந்தார். விரல் வெளுத்தது. அப்போதும் அவர் வாய் திறக்கவில்லை. எனக்கு நம்ப முடியவில்லை. நெஞ்சுக்குள் குழாய் விடட்டும், துண்டு எடுக்கட்டும், அந்தச் சாமானை மட்டும் பறிக்கக்கூடாது என்று இருக்கிறாரே.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் இன்னும் சோப்போ போடுறனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மனுசனும் பார்த்தார். அவருடைய பார்வையில் கெஞ்சல் இருந்தது.

நான் கோட்டுகளைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினேன். கைப்பையைத் திறந்து ரிஷ்யுச் சுருளையும் பச்சைப் போத்தலையும் எடுத்து டொக்டருடைய மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன்.

"இது அதுக்குள்ளை போனது," என்றேன். தமிழில்தான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மகள் மொழிபெயர்க்க முன்னம் டொக்டர் போத்தலைத் திறந்து மணந்தார். பிறகு தாங்கியை மணந்தார். பிறகு என் மனுசனைப் பார்த்து நேராகக் கேட்டார். எப்பதொடக்கம் என்று கேட்கிறார் என மகள் தமிழில் சொன்னாள்.

"தடிமன் வந்த நாளிலையிருந்து," என்றார் என் மனுசன், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

டொக்டர் கோபிக்கவில்லை. எண்ணெய் உள்ளே போனால் இப்படி வரக்கூடும் என்றாராம். குழாயை இப்போதைக்குத் தள்ளிவைத்தார். மருந்து எழுதினார். எண்ணெயும் இல்லை, வேப்பும் இல்லை, சிகரெட் என்ற பேச்சே இல்லை. பிளாஸ்ரர்தான். கடித்தால் இடத்தை மாற்றி ஒட்டி, பூச ஒரு களிம்பும். கொஞ்சக் காலம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்ப்போம். நல்லாகும் என்று அவர் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னார். மகள் தகப்பனிடம் கையை நீட்டினாள். அவர் சட்டைப்பையிலிருந்து நான் கழுவிப் பூட்டிக் கொடுத்த அந்தச் சாமானை எடுத்துக் கொடுத்தார்.

மகள் எங்களைக் காரில் கொண்டுவந்து விட்டாள். கட்டட வாசலில் இறங்கும்போது மகள், "ஏனம்மா எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றாள். நான் கதவை மெல்லச் சாத்தினேன். அவள் வேலைக்குப் போய்விட்டாள்.

நடைபாதை நடுவில் அவர் அறிவித்தலுக்கு முன்னால் நின்றார். நானும் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து நான் கோட்டைக் கழற்றினேன். அவர் ஜக்கெற்றைக் கழற்றவில்லை.

"பால் முடிஞ்சுபோச்சு," என்றார்.

பால் முடியவில்லை. குளிர்ப்பெட்டியில் ஒரு பை உடைக்காமல் இருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுக்க, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

ஜன்னலடிக்கு ஓடினேன். மாடியிலிருந்து பார்த்தால் றோட்டும் காஸ் ஸ்ரேஷனும் தெரியும். அவர் வெளியே வந்து சிக்னல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடக்கச் சொல்லுகிற வெள்ளை ஆள் படம் விழுந்தது, அவர் கடக்கவில்லை. மூச்சுக்காக நிற்கிறாரோ, யோசிக்கிறாரோ. அடுத்த முறை விழுந்தபோது கடந்தார். கடைக் கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நான் சொல்லியிருக்கக்கூடாதோ? சொல்லாமல் குழாய் விட விட்டிருக்க வேண்டுமோ? ஜன்னல் கண்ணாடியில் என் மூச்சுப் பட்டு மங்கிப்போனது. சட்டைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு கார் வந்து பெற்றோல் அடித்துப் போனது, இன்னொன்று வந்தது. அவர் வெளியே வரவில்லை. வந்தபோது கையில் ஏதோ வெள்ளையாக இருந்தது. மற்றக் கை பொக்கற்றுக்குள் இருந்தது.

கதவைத் திறந்து வந்தார். பால் பையை மேசையில் வைத்தார். நான் ஜக்கெற்றை வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. கிட்ட வந்து குனிந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து மூச்சை ஊதினார். பாதியில் இருமல் வந்து மறித்தது. பொறுத்து, திரும்பவும் ஊதினார்.

"மணந்து பாரும். பொலிஸ் நாய்க்கு ஏதும் பிடிபடுதோ?"

காலமை குடித்த தேத்தண்ணி மணத்தது. பல் கழுவுகிற மருந்து மணத்தது. வேறொன்றும் இல்லை.

"ஒண்டும் இல்லை," என்றேன்.

"வாங்கத்தான் போனனான். கடைக்காரன் எந்தப் பெட்டி எண்டு கேட்டு எடுத்தும் வைச்சவன்." கதிரையில் இருந்தார். "பிறகு பாலைக் காட்டினன்."

ஜக்கெற்றைக் கழற்றித் தந்தார். நான் கொலரை மணக்காமல் கொழுவினேன். பொக்கற்றைத் தடவிப் பார்த்தேன், அதை மறைக்கவில்லை. லேஞ்சி மட்டும்தான் இருந்தது.

அன்று பின்னேரம் பிளாஸ்ரரைத் தோளில் ஒட்டிவிட்டேன். கடிக்குது என்றார். பிறகு, "ஆவி பிடிக்கலாமோ எண்டு டொக்டரைக் கேட்டனீரே?" என்றார்.

"பிள்ளை கேட்டவள். வெறும் தண்ணி எண்டால் பிடிக்கலாமாம்."

"வெறும் தண்ணியிலை என்ன கிடக்கு?"

சட்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் விடவில்லை. அவர் குனிந்தார், போர்வையால் மூடினேன். ஒரு மணமும் இல்லை என்று உள்ளேயிருந்து முறுமுறுத்தார். பிறகு பேச்சு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் வெளியே வருகிறதோ என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.